பத்து வயசில் கரும்புத் தொட்டில்

நம் வயசுப் பெண்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சீரியல் ஆரம்பிக்கிற வரைக்கும் பேச ஆள் தேடுகிறவர்களுக்கு. நான் நாலு பேர் கூடினால் கதவோரமாக நிற்கிறவள். அஞ்சாவதோடு படிப்பும் நின்றுபோனது. பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன ஆவணியில் முட்டி ஆபரேஷனுக்காக என் பையன் என்னை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு பரிசோதனை இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது. கடைசியில் ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து, கையில் மருந்து ஏற்றி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்னப் பெண்தான்.

"பாட்டி, சின்ன வயசுல ஓடி விளையாடினா உங்களுக்கு நெஞ்சு வலிக்குமா?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்கும்," என்றேன். "ஓடினா வரும். படி ஏறினா வரும். உக்காந்தா போயிடும்."

"மயக்கம் போட்டு விழுந்திருக்கீங்களா?"

"ஒரு வாட்டி. மலைப் படியில."

பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான். "எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் இரண்டு உண்டாம். வலது பக்கத்துக் குழாய் வலது பக்கத்தில் கிளம்ப வேண்டும். எனக்கு அது இடது பக்கத்தில் கிளம்பி, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் புகுந்து வலது பக்கம் போகிறதாம். அம்மா வயிற்றிலேயே அப்படி அமைந்துவிட்டது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடினால் பெரிய குழாய்கள் விரிந்து, நடுவில் இருப்பதை நெரிக்கும்.

நான் சைக்கிள் கடைக்காரர் மகள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஸ்டாண்டு போட்டு நிற்கிறபோது வண்டி நன்றாகத்தான் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும்.

"லோடு ஏத்தினா நெரியும்ங்கறீங்க," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான் பாட்டி. சில பேருக்கு இது ஆயுசு பூரா ஒண்ணும் பண்ணாது. சில பசங்க நல்லா விளையாடிட்டே இருக்கும்போது விழுந்துடுவாங்க. அதுக்கப்புறம்தான் அப்பா அம்மாவுக்கே தெரியும். நீங்க தப்பிச்சு இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. இந்த வயசுல பயம் கம்மி. மாத்திரை குடுக்கறேன், ஜாஸ்தி மூச்சு வாங்கற வேலை வேணாம். இதுக்குன்னு ஆபரேஷன் எதுவும் தேவையில்லை."

எனக்கு அழுகை வந்தது. பையன் பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினான். பயத்தில் வந்த அழுகை இல்லை அது. அறுபது வருஷம் கழித்து, நான் பொய் சொல்லவில்லை என்று ஒருத்தர் படம் எடுத்துக் காட்டிவிட்டார். அதற்குத்தான் அழுதேன்.

அப்போது எனக்குப் பத்து வயசு. பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் அலுமினியப் பெட்டியை வீட்டில் எறிந்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். பஞ்சரான டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எந்த இடத்தில் முட்டை முட்டையாகக் காற்று வருகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. யாரோடும் பேச வேண்டாம், ஓட வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் நடக்கிற வேலை. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை எனக்கு மல்லிகைப் பூ மாதிரி. இப்போதும் டயர் கடையைத் தாண்டும்போது கொஞ்சம் நின்றுதான் போவேன்.

பள்ளிக்கூடத்தில் டிரில் என்று ஒன்று இருந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். டீச்சர் வேப்பமரத்தடியில் விசிலோடு நிற்பார், நாம் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். எதிர் வீட்டுப் பெண் முயல் மாதிரி போவாள். நான் பாதிச் சுற்று போவதற்குள் நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருக்கும். தாடை வரைக்கும் ஒரு இழுப்பு. இரண்டு கையாலும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும். போய்விடுவதுதான் வினை.

"பாருங்கடி, மகாராணி உக்காந்துட்டாங்க," என்பார் டீச்சர். "பல்லக்கு கொண்டாங்க யாராவது."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வேறென்ன செய்வது?

வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. கடைவாயில் புகையிலை, நெற்றியில் விபூதி. குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். குழாயடியிலிருந்து குடத்தோடு வரும்போது நான் வழியில் இறக்கி வைத்து உட்கார்ந்தால், வாசலிலிருந்தே ஆரம்பித்துவிடுவாள்.

"தண்ணி எடுக்கச் சொன்னா நெஞ்சு வலி. தட்டுல சோத்தைப் போட்டா அந்த நெஞ்சு எங்க போவுதுனுதான் எனக்குத் தெரியல."

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். கம்பவுண்டரிடம் கூட்டிப்போனாள். நாமே பாட்டில் கழுவி எடுத்துப்போக வேண்டும். அவர் ரோஸ் நிற மருந்தை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பாட்டிலின் மேல் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். அந்த மாதிரி பாட்டிலை இப்போது எந்த வீட்டிலும் காணோம். கம்பவுண்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நெஞ்சைத் தொடவே இல்லை.

"வாயுதாம்மா. வேர்க்கடலை குடுக்காத, கிழங்கு குடுக்காத. சரியாப் போயிடும்."

அம்மாவின் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வேர்க்கடலை பிடுங்குகிற சமயம் பார்த்து வந்தது இந்தத் தடை. அம்மாவோடு பிறந்த மாமா மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். வீடு முழுக்க வேகவைத்த பச்சைக் கடலை வாசனை. எல்லாரும் தோலை உரித்து உரித்துத் தின்ன, நான் ஓமத் தண்ணீர் குடித்தேன். நெஞ்சு வலியை விட அதுதான் எனக்குப் பெரிய வலியாக இருந்தது.

அப்பா என்னைத் திட்டவே மாட்டார். அவருடைய அன்பு வேறு மாதிரி. "ஓட்டாத சைக்கிள்தான் துருப்புடிக்கும். ஓட ஓட சரியாயிடும் கண்ணு," என்பார். காலையில் செங்கம் ரோட்டுக்குக் கூட்டிப்போவார். அவர் மெதுவாக மிதிக்க, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் ஓட வேண்டும். வலி வந்தால் பின்னல் அவிழ்ந்துவிட்டது என்று நிற்பேன். காலில் முள் என்று நிற்பேன். அப்பா இறங்கி, குனிந்து, இல்லாத முள்ளைத் தேடுவார். திரும்பும்போது ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கிக் கொடுப்பார். கல்கண்டுக்காகவும் ஓடினேன், அவர் முகத்துக்காகவும் ஓடினேன். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, விளையாடும்போதே விழுந்துவிடுகிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது செங்கம் ரோடுதான். பாவம் அப்பா.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷக் கார்த்திகைத் தீபத்துக்கு நான் என் கையால் நெய் எடுத்துக்கொண்டு மலை உச்சிக்கு ஏற வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதற்கு ஒத்திகையாக, பேகோபுரம் என்கிற மேற்குக் கோபுரத்துக்குப் பின்னால் மலைக் குகைக்குப் போகிற படியில் என்னை ஏறச் சொன்னார். ஈரப் பாறை, எலுமிச்சைப்புல் வாசனை, கீழே நாலு கோபுரமும் சின்னதாகிக்கொண்டே போனது. அந்த முழங்கால் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. பின்னல் அவிழ்ந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னேனா என்று தெரியாது. கோபுரங்கள் சாய்ந்தன. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது அப்பாவின் தோளில் கிடந்தேன். அவர் படி இறங்கிக்கொண்டே, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல கண்ணு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கழுத்து வேர்வையில் கிரீஸ் வாசனை வந்தது.

வாசலில் அத்தை நின்றிருந்தாள். என்னைப் பிடுங்கிப் பாயில் போட்டாள். என் உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து என் நெஞ்சில் காதை வைத்தாள். புகையிலை வாசனையோடு அந்தக் கனமான காது என் மேல் ரொம்ப நேரம் இருந்தது. கம்பவுண்டர் தொடாத இடத்தை அவள்தான் தொட்டாள்.

நிமிர்ந்தவள் அம்மாவைக் கேட்டாள்.

"ஏம்மா, இது வேண்டிப் பொறந்த புள்ளதானே?"

"ஆமா அண்ணி. எட்டு வருசம் இல்லாம, அண்ணாமலையார்கிட்ட கேட்டு வாங்கினது."

"கரும்புத் தொட்டில் தூக்கினீங்களா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போனவர்களின் பேரன் பேத்திகளுக்காகச் சொல்கிறேன். பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் தீபத் திருவிழாவில் கரும்புகளைக் கட்டாகக் கட்டி, அதில் சீமந்தப் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையைப் போட்டு, புருஷன் முன்னாலும் பெண்டாட்டி பின்னாலும் தோளில் சுமந்து மாடவீதி சுற்றுவார்கள். நான் பிறந்த வருஷம் அம்மாவைப் பெற்றவர் இறந்து தீட்டாகிவிட்டது. அடுத்த வருஷம் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். நடக்கிற பிள்ளைக்குத் தொட்டிலா என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, மறந்தேபோய்விட்டார்கள்.

"அதான்," என்றாள் அத்தை. "கேட்டு வாங்கிட்டு ஏமாத்தினா சும்மா வுடுவாரா? அவருதான் நெஞ்சைப் புடிக்கிறாரு. இந்த வருசம் தொட்டில் தூக்கணும்."

"அக்கா, பத்து வயசுப் பொண்ணுக்கா," என்றார் அப்பா. "அடுத்த வருசமோ அதுக்கடுத்த வருசமோ தாவணி போடப் போவுது. ஊரு சிரிக்கும். அதுக்குப் பதிலா மலை ஏறி நெய் குடுத்துடறோம். ரெண்டும் ஒண்ணுதானே?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பெண் கண் முன்னால் வந்தாள். டீச்சர் வந்தார், பல்லக்கு வந்தது.

"நான் மலை ஏறிடறேன்," என்றேன். "தொட்டில் வேணாம் அத்தை. நான் ஏறிடுவேன். வலிக்கவே இல்ல."

உதடு வெளுத்து, முட்டியில் ரத்தம் காய்ந்து, பாயில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், வலிக்கவே இல்லை என்று. கூச்சம் அப்படிப்பட்டது. உயிரை விடப் பெரிசு.

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"மலை ஏறினா செத்துப்போவ. தொட்டில்ல போனா மானம் மட்டுந்தான் போவும். அது ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும்."

அன்றைக்கு ராத்திரியே அப்பா கரும்புக்காக மாமாவுக்குக் கார்டு போட்டார்.

தீபத்துக்கு மூணு நாள் முன்னால், தேர் அன்றைக்கு மாமா கரும்போடு வந்தார். பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்த கட்டு. கைக்குழந்தைக்கு என்றால் கொஞ்சம் கரும்பு போதும். எனக்கு அதைப் போல் நாலு பங்கு வேண்டியிருந்தது. அப்பா கயிற்றை நம்பவில்லை. பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துக் கட்டினார். "லாரி இழுத்தாலும் அவுறாது," என்றார். முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் தெளிவு. அவருக்குத் தெரிந்த வேலை அது. அம்மா சீமந்தப் புடவையை எடுத்தாள். மடிப்பில் மடிப்பில் பச்சைக் கற்பூர வாசனை.

உள்ளே உட்கார்ந்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டது. மடக்கினேன், முட்டி முகத்தில் இடித்தது. அப்பாவும் மாமாவும் முன்னால், அம்மாவும் அத்தையும் பின்னால். நாலு பேரும் "அரோகரா" என்று தூக்கினார்கள். கரும்பு முனகியது. நான் புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மூடினால் கண்தான் மறையும், காது மறையுமா?

"என்னாம்மா, பாப்பாக்குப் பல்லு விழுந்து மொளைச்சிருச்சா?"

"அண்ணே, அப்படியே மாப்பிள்ளை வூட்டுக்கா?"

"பாத்து நைனா, பாப்பா எறங்கி உங்களைத் தூக்கிக்கப் போவுது!"

பின்னாலிருந்து அத்தையின் குரல் கிளம்பியது. "எவன்டா சிரிக்கறது? உங்கம்மா உன்னை வேண்டிப் பெத்திருந்தா இப்படியா இருப்ப?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு பக்கம் திரும்பிவிட்டது. புடவைக்குள் எனக்கும் சிரிப்பு வந்தது. மெதுவாக ஒரு கண் அளவுக்கு விலக்கிப் பார்த்தேன். முன்னால் போன தொட்டிலில் ஒரு கைக்குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு என்னையே பார்த்தது. டீச்சர் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். எதிர் வீட்டுப் பெண் அவள் அப்பா தோளைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது. எப்படி அந்த எண்ணம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேலே பார்த்தால் கரும்புத் தோகை, அதற்கு மேலே கோபுரம், அதற்கு மேலே மலை, எல்லாம் ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டு கூடவே வந்தன. ஓடாமல், ஏறாமல், வலிக்காமல் நான் நாலு வீதியும் போனேன். புடவையில் அம்மா வாசனை. மாட்டு வண்டியில் போவது போல ஒரு தாலாட்டு.

மேற்குக் கோபுரம் வரும்போது தூங்கிவிட்டேன். நாலு பேர் தோள் வீங்கிப்போய்ச் சுமக்க, பத்து வயசுக்காரி குறட்டை விட்டாளாம். மாமா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கரும்பைப் பிரித்து வெட்டினார்கள். எதிர் வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். கேலி செய்யத்தான் வந்தாள். அத்தை அவள் கையில் ஒரு துண்டைத் திணித்தாள். அதற்குப் பிறகு வாய் நிறையக் கரும்போடு எப்படிக் கேலி செய்வது? இரண்டு பேரும் சக்கையைத் துப்பித் துப்பித் தின்றோம். என்னைச் சுமந்த கரும்பு நல்ல இனிப்பு.

திருவிழாவுக்காகப் பள்ளிக்கூடம் லீவு. டிரில் இல்லை. செங்கம் ரோடும் இல்லை. ஓடாததால் வலியும் இல்லை. அப்பா இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"போச்சு பாத்தியா!" என்று அம்மாவிடம் சொன்னார். "வேண்டுதல் முடிஞ்சுது, வலி போச்சு. நன்றி சொல்லாம இருக்கலாமா? தீபத்தன்னிக்கு இவளைக் கூட்டிட்டு மேல போயிட்டு வந்துடறேன்."

அம்மா சரி என்றாள். எனக்கும் சம்மதம்தான். எதிர் வீட்டுப் பெண் அவள் அப்பாவோடு ஏறப்போகிறாள். நானும் உச்சியில் போய் நின்றுவிட்டால் தொட்டில் கதையை யாரும் பேச மாட்டார்கள். அப்பா எனக்கென்று சின்னப் பித்தளைத் தூக்கு வாங்கி, அதில் நெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார். தீபத்தன்று மதியம், தலைக்குக் குளித்து, தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

நிலைப்படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை வைத்துக்கொண்டு, வழியை அடைத்தபடி.

"வழி வுடுக்கா. நேரமாச்சு, இருட்டறதுக்குள்ள ஏறணும்," என்றார் அப்பா.

"நீ போ. அது வராது."

"ஏன்?"

"தொட்டில்ல போட்டு ஊரறிய ஒப்படைச்சாச்சு. இனிமே அது சாமி புள்ள. அந்த மலை யாரு? சாமிதானே? சாமி மேல கால் வச்சு ஏறுமா?"

"ஊரே ஏறுதேக்கா!"

"ஊரை ஏறச் சொல்லு. தொட்டில் தூக்கின புள்ள ஏறக்கூடாது. ஓடவும் கூடாது. ஓடினா சாமி குத்தம்."

"இது எந்த ஊரு சாஸ்திரம்? கைக்குழந்தையில தொட்டில் போனதுங்க எல்லாம் ஓடாமலா இருக்குது?"

"அது கைக்குழந்தை. இது பாக்கி வச்சுத் தூக்கினது. இதுக்குச் சட்டம் வேற."

"யாரு சொன்னா?"

"அய்யரு."

"எந்த அய்யரு? இரு, போய்க் கேட்டுட்டு வர்றேன்."

அத்தை புகையிலையை மறு கடைவாய்க்கு ஒதுக்கினாள். "போன வருசம் போய்ச் சேந்தாரே, அவரு. போய்க் கேளு."

அம்மா திரும்பிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அப்பா நின்றார். தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். படியில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டார்.

"சாமி குத்தம்னா வேணாம் கண்ணு," என்றார். "உன் நெய்யை நானே குடுத்துட்டு வரேன்."

அத்தை எழுந்து அவருக்கு மட்டும் வழி விட்டாள்.

அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். குழாயும் தெரியாது, நெரிவதும் தெரியாது. காதை வைத்தபோது என்ன கேட்டாளோ. பயந்துவிட்டாள், அது நிச்சயம். நடிப்புக்காரி என்று திட்டியவள் ஒரு நாளில் மாறிவிட்டாள். "புள்ளைக்கு உடம்பு முடியல" என்று சொல்லியிருந்தால் அப்பா ஓட ஓடச் சரியாகும் என்றிருப்பார். டீச்சர் விசில் ஊதியிருப்பார். சாமி பேரைச் சொன்னதால் எல்லாரும் அடங்கினார்கள். வேண்டுமென்றே சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா, கேட்க அவள் இல்லை. அவள் சொன்ன காரணம் தப்பு. செய்த காரியம் சரி. எனக்கு வலிக்காமல் இருக்கத்தான் பாடுபட்டார் அப்பா, அவர்தான் என்னை உச்சிக்குக் கொண்டுபோகப் பார்த்தார். இதை எந்தத் தராசில் வைப்பது?

அந்தச் சட்டம் நான் போன இடமெல்லாம் கூடவே வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே அத்தை போய் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னை மரத்தடியில் உட்காரவைத்து விசிலை என் கையில் கொடுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் நகையைப் பேசுவதற்கு முன்னால் அத்தை இதைப் பேசினாள். "பொண்ணு சமைக்கும், கூட்டும், பெருக்கும். ஓடாது, மலை ஏறாது. சம்மதமா?" மாப்பிள்ளை வீட்டார் பயபக்தியோடு தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் பஸ் கிளம்பினால் குறுக்கே போய் நிற்பார். "கொஞ்சம் நிறுத்துங்க, அவ ஓட மாட்டா, சாமி குத்தம்." எத்தனை கண்டக்டர் என்னைத் திட்டியிருப்பார்கள்!

உங்கள் பேரன் பேத்திகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா சொன்னதுதான். பிள்ளைகளுக்கு வருகிற நெஞ்சு வலி பெரும்பாலும் பயப்படுகிற மாதிரி இருக்காதாம். ஆனால் ஓடும்போது வந்து, உட்கார்ந்தால் போகிற வலியும், ஓடும்போது வருகிற மயக்கமும் வேறு. அதை நடிப்பு என்று சொல்லாதீர்கள். ஓட விடாமல் நிறுத்தி, இதய டாக்டரிடம் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி சில சமயம் நன்றாகவே இருக்குமாம், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். என் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் இல்லை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடிப்படியில் அதுகள் தடதடவென்று ஏறி இறங்குகிற சத்தம் இப்போது எனக்குச் சங்கீதமாக இருக்கிறது.

அந்தத் தீபத்தன்று சாயங்காலம் அப்பா மேலே இருந்தார். தெருவே வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அத்தை பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். இருட்டுகிற நேரம். உச்சியில் ஒரு பொட்டு தெரிந்தது. ஊரே ஒரே குரலாக "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. அவரவர் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். நானும் கோபத்தை மறந்து, அகல்கள் அடுக்கிய தட்டை எடுக்க ஓட்டமெடுத்தேன்.

"ஏய்!" என்றாள் அத்தை. "நடந்து போடி."

நின்றேன். நடந்தேன். தட்டை எடுத்து, திரி சாயாமல், எண்ணெய் சிந்தாமல், வாசல் வரைக்கும் ஒவ்வொரு அடியாக வந்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை. வெறும் மூச்சு, வந்தது, போனது. அதற்குள் தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. எங்கள் வாசல் மட்டும் இருட்டு.

எதிர் வீட்டம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "என்னாக்கா, உங்க வூட்ல இன்னும் ஏத்தலையா?"

அத்தை நெருப்புக்குச்சியைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.

"எங்க வூட்ல மெதுவாத்தான் ஏத்துவோம்," என்றாள். "உனக்கு என்னா அவசரம்?"